முதல் ஆல்பமாக எதை எடுப்பது? ஐந்து இசைவகை, ஐந்து தட்டு

"உங்களிடம் இத்தனை தட்டு இருக்கிறதே, எனக்கு ஒன்றே ஒன்று சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்குகிறேன்." என் அலமாரியைப் பார்த்த நண்பர்கள் பலர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கேட்கிறவர் பெரும்பாலும் பாட்டு நிறையக் கேட்பவர்தான், ஆனால் தனித்தனிப் பாட்டாகவே கேட்டுப் பழகியவர். நாற்பது நிமிட ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து கேட்டதில்லை. ஜாஸ் என்றால் என்ன, மேற்கத்தியச் செவ்விசை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள ஆசை இருக்கும். தேடிப் பார்த்தால் 'கேட்டே ஆகவேண்டிய நூறு' என்று ஒரு பட்டியல் வரும். அதைப் பார்த்ததும் பாதி ஆசை அடங்கிவிடும்.

பல வருடங்கள் நான் இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தட்டுகளில் எது மிக உயர்ந்தது என்று எனக்குத் தோன்றியதோ அதையே எடுத்துக் கொடுப்பேன். அது கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்டு வாசித்த, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசை. வாங்கிப் போன நால்வரில் ஒருவர்கூட இரண்டாவது தடவை கேட்கவில்லை. தட்டு பத்திரமாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். உயர்ந்த தட்டு வேறு, முதல் தட்டு வேறு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இப்போது நான் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே வைக்கிறேன். ஐந்து வகைக்கு ஐந்து ஆல்பங்கள், ஐந்தும் நான் திரும்பத் திரும்பக் கேட்பவை.

## எதை வைத்து எடைபோடுவது

பிடிமானம். இதுதான் முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. புது இசைக்குள் நுழையும் காதுக்குத் தெரிந்த ஒன்று அங்கே இருக்க வேண்டும். ஒரு தாளம், ஒரு சுர வரிசை, ஒரு மனிதக் குரல், ஏதாவது ஒன்று போதும். ஆனால் எல்லாமே தெரிந்ததாகவும் இருக்கக் கூடாது. ஒரு கால் பழகிய தரையில், மறு கால் புது இடத்தில்: முதல் தட்டு அப்படி நிற்க வைக்க வேண்டும்.

நேரம். 1948இல் அறிமுகமான எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது, இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஆல்பங்கள் நாற்பது நிமிடத்தை ஒட்டியே நிற்கின்றன. ஒரே அமர்வில் கேட்க அதுவே நல்ல அளவு. 1980களில் சிடி வந்தபின் எழுபது நிமிடத்துக்கு மேலும் நீட்ட முடிந்தது, நீட்டவும் செய்தார்கள்.

வரிசை. தடங்களைக் கலைத்துப் போட்டுக் கேட்டால் எதையாவது இழக்கிறோமா? இழந்தால்தான் அது ஆல்பம். இல்லாவிட்டால் அது பாட்டுகளின் தொகுப்பு.

மறைந்திருக்கும் செலவு. ஒரே தட்டுக்குப் பத்துப் பதிப்புகள் இருக்கும், எது அசல் என்று தெரியாது. சில ஆல்பங்களுக்கு நல்ல ஹெட்போன் வேண்டும், சிலவற்றுக்குப் பொறுமை வேண்டும். இதையெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

அடுத்த வாசல். கேட்டு முடித்த பிறகு அங்கிருந்து எங்கே போகலாம்?

| ஆல்பம் | பதிவு அல்லது வெளியீடு | ஏறத்தாழ நேரம் | பிடிபட எத்தனை தடவை (என் அனுபவம்) | வரிசை முக்கியமா |
|---|---|---|---|---|
| கைண்ட் ஆஃப் ப்ளூ (ஜாஸ்) | 1959 | 46 நிமிடம் | இரண்டு | ஓரளவு |
| கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், க்ளென் கூல்டு (மேற்கத்தியச் செவ்விசை) | 1955 பதிவு | 38 நிமிடம் | ஐந்தாறு | மிகவும் |
| டார்க் சைட் ஆஃப் தி மூன் (ராக்) | 1973 | 43 நிமிடம் | ஒன்று | மிக மிக |
| கால் ஆஃப் தி வேலி (இந்துஸ்தானி) | 1967 | 40 நிமிடம் | ஒன்று | மிகவும் |
| ப்யூனா விஸ்டா சோஷியல் கிளப் (கியூப இசை) | 1996 பதிவு, 1997 வெளியீடு | 60 நிமிடம் | ஒன்று | இல்லை |

## கைண்ட் ஆஃப் ப்ளூ, மைல்ஸ் டேவிஸ்

1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் நியூயார்க்கில் பதிவான தட்டு. மைல்ஸ் டேவிஸ் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன் டெனர் சாக்சபோன், கேனன்பால் ஆடர்லி ஆல்டோ சாக்சபோன், பில் எவன்ஸ் பியானோ (ஒரு தடத்தில் மட்டும் வின்டன் கெல்லி), பால் சேம்பர்ஸ் பாஸ், ஜிம்மி காப் டிரம்ஸ். மொத்தம் ஐந்தே தடங்கள்.

அதற்கு முந்தைய பெபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) வேகவேகமாக மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் ஒவ்வொரு கார்டுக்கும் ஈடுகொடுத்து ஓட வேண்டும், கேட்பவரும் கூடவே ஓட வேண்டும். இந்தத் தட்டில் மைல்ஸ் அந்த ஓட்டத்தைக் குறைத்துவிட்டார். ஒரு சுர வரிசையை எடுத்துக்கொண்டு அதிலேயே நெடுநேரம் நின்று வாசிக்கிறார்கள். ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது தெரிந்த விஷயம்.

முதல் தடம் 'சோ வாட்'. அதில் வரும் டோரியன் என்ற மேற்கத்திய சுர வரிசையைப் பாடிப் பாருங்கள், கரகரப்பிரியாவின் ஏழு சுரங்கள் அப்படியே வரும். கமகம் கிடையாது, ராகத்துக்குரிய சஞ்சாரமும் கிடையாது. அதனால் இது கரகரப்பிரியா என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் காது நிற்க அங்கே ஒரு தரை இருக்கிறது. நாலு எண்ணிக்கை கொண்ட பாராக எண்ணினால் பதினாறு பார் அந்தச் சுரங்களிலேயே இருக்கிறார்கள். பிறகு எட்டு பார் அதே வரிசை, ஆனால் ஆதாரமே ஒரு சுரஸ்தானம் மேலே ஏறியிருக்கும். அடுத்த எட்டு பாரில் பழைய இடத்துக்கு வந்துவிடும். பாட்டின் நடுவே ஆதார சுருதியைத் தூக்கி வைப்பது நம் கச்சேரிக்குப் பழக்கமில்லாத காரியம். அந்த ஏற்றம் எப்போது வருகிறது என்று காது எதிர்பார்க்க ஆரம்பித்ததும் நீங்கள் ஜாஸ் கேட்கத் தொடங்கிவிட்டீர்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். மூன்று ஊதுகருவிக்காரர்களும் ஒரே சுரங்களைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். மைல்ஸ் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி விடுகிறார். கோல்ட்ரேன் அந்த இடைவெளியையெல்லாம் நிரப்புகிறார். ஆடர்லி துள்ளிக்கொண்டு வருகிறார். மூவரின் குணமும் தனித்தனியாகத் தெரிகிறது. இதை முதல் தடவை நான் உணர்ந்தபோது தட்டை நிறுத்தாமல் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. மார்ச் 2 அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் முதல் பக்கத்தின் மூன்று தடங்களும் பல ஆண்டுகள் இருக்க வேண்டியதைவிடச் சற்று வேகமாகவும் சுருதி கூடியும் ஒலித்துக்கொண்டிருந்தன. 1990களில் வந்த மறுபதிப்புகளில்தான் இது திருத்தப்பட்டது. வெறுமனே கேட்பவருக்கு இது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. கூடவே கருவி வாசித்துப் பழக நினைப்பவர் பழைய எல்பியை வாங்கினால் சுருதி சேராமல் குழம்புவார். இரண்டாவது செலவு இன்னும் பெரிது. இந்தத் தட்டு பின்னணியில் ஓடவிட இதமானது, அப்படியே பழகியும்விடும். ஒருதடவைகூடக் கவனித்துக் கேட்காமலே 'ஆமாம், தெரியுமே' என்று சொல்லும் நிலைக்கு வந்துவிடுவோம். முதல் இரண்டு தடவையாவது வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கர்நாடக இசையோ, ராகம் சார்ந்த எந்த இசையோ கொஞ்சம் காதில் விழுந்தவருக்கு இதுதான் என் முதல் தேர்வு. அடுத்த வாசல்களும் இங்கேதான் அதிகம். வாசித்த ஒவ்வொருவருக்கும் தனி ஆல்பங்கள் இருக்கின்றன. யார் வாசிப்பு பிடித்ததோ அவர் பின்னால் போகலாம்.

## கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ், க்ளென் கூல்டு

என் மனதுக்கு மிக நெருக்கமான தட்டு இது. நான் தவறாகக் கொடுத்துக்கொண்டிருந்ததும் இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாக் இதை அச்சில் வெளியிட்டது 1741இல். ஏரியா என்ற ஒரு மெட்டு, அதன் மேல் முப்பது மாறுபாடுகள், கடைசியில் அதே ஏரியா. கூல்டு 1955 ஜூனில், 22 வயதில், இதைப் பதிவு செய்தார். இடம் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆவது தெரு ஸ்டூடியோ. அது ஒரு பழைய தேவாலயக் கட்டடம். நாலு வருடம் கழித்து மைல்ஸ் மேலே சொன்ன தட்டைப் பதிவு செய்ததும் அதே கூடத்தில்தான். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது அந்தக் கூரையின் உயரம் எனக்குக் காதில் தெரிகிறது.

புதிதாகக் கேட்பவர் ஏன் தடுமாறுகிறார்? மாறுபாடு என்றதும் ஏரியாவின் மெட்டு ஒவ்வொரு தடத்திலும் வேறு உடையில் வரும் என்று எதிர்பார்க்கிறார். அது வராது. பாக் பிடித்துக்கொண்டது மெட்டை அல்ல, அதற்கு அடியில் இடதுகையில் போகும் கீழ்ச்சுர வரிசையை. இந்த ஒரு சங்கதியை யாரும் சொல்லாமல் விட்டால், முப்பதும் சம்பந்தமில்லாத முப்பது துண்டாகவே கேட்கும். நான் தட்டைக் கொடுத்தேனே தவிர இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இப்போது கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. முதல் நாள் ஏரியாவை மட்டும் மூன்று தடவை கேளுங்கள், மூன்றாவது தடவை இடதுகையை மட்டும் கவனியுங்கள். அடுத்த நாள் ஏரியா, முதல் மாறுபாடு, பிறகு நேராக 25ஆவது. மேஜர் என்ற பிரகாசமான சுர வரிசையிலேயே பெரும்பாலும் நடக்கும் இந்த இசையில் மைனர் என்ற சோகம் தோய்ந்த வரிசைக்குத் திரும்பும் மூன்றே மாறுபாடுகளில் அது ஒன்று. மெதுவானது, துக்கமானது, மற்ற எதையும்விட நீளமானது. அது பிடித்துவிட்டால் மீதியைத் தேடி நீங்களே போவீர்கள்.

இங்கே செலவு அதிகம்தான். 1955 பதிவு மோனோ, அதாவது இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி. கூல்டு வாசிக்கும்போது கூடவே முனகுவார், அது ரெக்கார்டில் கேட்கும். சிலருக்கு அது தொல்லை, எனக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அப்புறம் பெரிய குழப்பம், அவரே 1981இல் அதே ஸ்டூடியோவில் இதை மறுபடி பதிவு செய்தார். முதலாவது 38 நிமிடம், இரண்டாவது 51. முதலாவதில் இளமையின் வேகம் பறக்கிறது, இரண்டாவது ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்கிறது. அது வெளிவந்த 1982லேயே கூல்டு இறந்துபோனார். எதை வாங்குவது என்று கேட்டால், முதலில் 1955. ஒரு வருடமாவது அதோடு இருந்துவிட்டு 1981க்கு வாருங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டால் ஒப்பிடுவதிலேயே மனம் போய்விடும்.

ஏதாவது ஒரு கருவியைக் கற்றவர், கணக்கு வழக்குள்ள கட்டமைப்பில் இன்பம் காண்பவர், ஒரே தட்டோடு மாதக்கணக்கில் இருக்கப் பொறுமையுள்ளவர், இவர்களுக்கு இதுவே முதல் தட்டாக இருக்கலாம். மற்றவர்களுக்கு வேண்டாம்.

## டார்க் சைட் ஆஃப் தி மூன், பிங்க் ஃபிளாய்ட்

வரிசை என்ற அளவுகோலில் இதற்கு ஈடு கிடையாது. இதயத்துடிப்பில் தொடங்கி இதயத்துடிப்பிலேயே முடிகிறது. ஒரு பாட்டு அடுத்ததற்குள் கரைகிறது. காலம், பணம், சாவு, மனம் பிறழ்வது என்று சுற்றிச் சுற்றி ஒரே கவலைகளைப் பேசுகிறது. தனித்தனிப் பாட்டாகக் கேட்டவருக்கு 'ஆல்பம் என்றால் இதுதான்' என்று காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

பிடிமானமும் நன்றாகவே இருக்கிறது. 'மணி' பாட்டின் தொடக்கத்தில் கல்லாப்பெட்டி ஓசைகளையும் சில்லறை ஓசைகளையும் டேப்பில் ஒட்டிச் சுழற்றியிருக்கிறார்கள், கூடவே கை தட்டிப் பாருங்கள். ஏழு எண்ணிக்கை வரும். கிட்டார் தனி வரும் இடத்தில் அது நாலுக்கு மாறும், பிறகு ஏழுக்குத் திரும்பும். தாளத்தில் கவனம் உள்ளவர் இதிலேயே ஒரு மணி நேரம் செலவிடலாம். 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'யில் க்ளேர் டோரி வார்த்தையே இல்லாமல் குரலால் மட்டும் பாடுவது இந்தத் தட்டின் உச்சம். மொழி தெரியாதவருக்கும் அது நேராகப் போய்ச் சேரும்.

செலவுக்கு வருவோம். ஹெட்போனோ நல்ல ஸ்பீக்கரோ இல்லாமல் இதைக் கேட்பது பாதி கேட்பதுதான், ஓசைகள் இடமும் வலமும் நகர்வது தெரியாது. ஃபோனில் கேட்டால் தடங்களுக்கு இடையே வெற்றிடம் விழாமல் இருக்கும்படி செயலியின் அமைப்பை முதலில் சரிசெய்யுங்கள். கரைந்து போக வேண்டிய இடத்தில் ஒரு நொடி மௌனம் விழுந்தால் தட்டே உடைந்த மாதிரி இருக்கும். 'டைம்' பாட்டில் திடீரென்று ஒரு கூட்டம் கடிகாரங்கள் அடிக்கும், அங்கே ஒலியளவைக் கூட்டி வைத்திருக்காதீர்கள். இந்தத் தட்டுக்கு ரீமாஸ்டர், சரவுண்ட், பெரிய பெட்டித் தொகுப்பு என்று பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் தடவைக்கு அவை எதுவும் தேவையில்லை, சாதாரண ஸ்டீரியோ போதும். பணத்தை இரண்டாவது ஆல்பத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மனம் ஏற்கெனவே பாரமாக இருக்கும் நாளில் இதை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

## கால் ஆஃப் தி வேலி

சிவகுமார் சர்மாவின் சந்தூர் (சிறு கோல்களால் தட்டி வாசிக்கும் தந்திக் கருவி), ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல், பிரிஜ்பூஷண் காப்ராவின் கிட்டார். காஷ்மீரத்து ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாள் என்பது கரு. அந்தந்தப் பொழுதுக்கான ராகமாக, விடியலின் அஹிர் பைரவில் தொடங்கி நகர்கிறது. நம் சக்கரவாகத்தின் சுரங்கள் அவை. பின்னால் வரும் பூப் நமக்கு மோகனம். இவ்வளவு பிடிமானம் வேறு எந்தத் தட்டிலும் கிடையாது.

சந்தூரின் ஒலி தட்டியதும் மெல்லத் தேய்ந்துவிடும். குழல் அதை இழுத்து நீட்டும், கிட்டார் வழுக்கிக்கொண்டு இரண்டையும் சேர்க்கும். இந்த மூன்று கருவிகளின் சேர்க்கையே தட்டின் அழகு.

பின்னாளைய சிடி பதிப்பில் கூடுதல் தடங்கள் சேர்த்திருக்கிறார்கள். அவையும் நல்ல வாசிப்பே, ஆனால் இடையனின் நாள் பஹாடியோடு முடிந்துவிடுகிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள். உண்மையான செலவு வேறு: இது அவ்வளவு எளிதாகப் பிடித்துவிடுவதால் காதை எங்கும் நகர்த்துவதில்லை. வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து கேட்க, குழந்தைகளுக்கு அறிமுகம் செய்ய, அல்லது நாற்பது நிமிடம் சும்மா உட்கார்ந்து கேட்பதையே முதலில் பழக, இதைவிட நல்ல தட்டு இல்லை. புது வகைக்குள் போக விரும்புகிறவருக்கு இது போதாது.

## ப்யூனா விஸ்டா சோஷியல் கிளப்

பாட்டென்றால் குரல் வேண்டும் என்பவருக்கு இது. 1996 மார்ச்சில் ஹவானாவில் ஆறு நாளில் பதிவானது. அமெரிக்கக் கிட்டார் கலைஞர் ரை கூடர் தயாரித்தார். மாலி நாட்டு இசைக்கலைஞர்கள் இருவர் வந்து சேர்ந்திருந்தால் இது வேறு ஒரு தட்டாகியிருக்கும். அவர்கள் வர முடியாமல் போனதால், கிட்டத்தட்ட மறக்கப்பட்டிருந்த கியூபப் பெரியவர்களைத் தேடிக் கூட்டிவந்தார்கள். கொம்பாய் செகுண்டோவுக்கு அப்போது 88 வயது, பியானோ வாசித்த ரூபன் கொன்சாலஸுக்கு 76. இப்ராஹிம் ஃபெரர் பாடுவதை விட்டு ஒதுங்கியிருந்தவர். அந்தக் குரல்களில் வயது கேட்கிறது, அவசரம் கேட்கவில்லை.

ஸ்பானிய மொழி தெரியாதது தடையே இல்லை. ஒரு மணி நேரம் ஓடுவதுதான் குறை, ஆனால் பாட்டுகள் தனித்தனியானவை என்பதால் பாதியில் நிறுத்தலாம். இன்னொரு எச்சரிக்கை, இது கியூபாவின் ஒரு பழைய காலத்து இசை. சோன், பொலேரோ, டான்சோன் என்ற பழைய வடிவங்கள் இவை. கியூப இசை என்றாலே இவ்வளவுதான் என்று நினைத்துவிட வேண்டாம்.

## பட்டியலில் சேர்க்காத இரண்டு

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' (1986) ஏன் இல்லை என்று கேட்பீர்கள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட தட்டு அது, வி. எஸ். நரசிம்மனின் வயலின் அதன் உயிர். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது இரண்டு கரைகளை இணைக்கும் பாலம். ஒரு கரையை மட்டும் தெரிந்துகொண்டு நடந்தால் பாலம் எங்கே போகிறது என்று புரியாது. கூல்டு கேட்டு ஒரு மாதம் கழித்து இதைப் போட்டுப் பாருங்கள், முன்பு வெறும் இனிமையாகத் தெரிந்த இடங்களில் தனித்தனி மெட்டு இழைகள் ஒன்றை ஒன்று துரத்துவது கேட்கும்.

வேலை செய்துகொண்டே ஓடவிடத்தான் வேண்டும் என்றால் மேலே சொன்ன ஐந்தில் எதையும் எடுக்காதீர்கள். அதற்கென்றே பிரையன் ஈனோ 1978இல் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' செய்தார். வெவ்வேறு நீளமுள்ள டேப் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தும் விலகியும் சுழலும் இசை அது. கவனித்தாலும் நன்று, கவனிக்காவிட்டாலும் குற்றமில்லை.

## சரி, எதை எடுப்பது

ராகம் ஓரளவு தெரிந்தவர் கைண்ட் ஆஃப் ப்ளூவை எடுங்கள். தாளமும் ஒலியமைப்பும் இழுக்கிறது, நல்ல ஹெட்போனும் கையில் இருக்கிறது என்றால் டார்க் சைட். குரல் இல்லாமல் இருக்க முடியாதென்றால் ப்யூனா விஸ்டா. நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் உட்காருவதே சிரமம் என்றால் கால் ஆஃப் தி வேலியோடு தொடங்கி, இரண்டு வாரம் கழித்து மைல்ஸிடம் வாருங்கள். கருவி கற்றவர் மட்டும் நேரே கூல்டிடம் போகலாம்.

எந்தத் தட்டானாலும் முதல் தடவை பிடிக்கவில்லை என்றால் மூன்று நாள் விட்டு இன்னொரு தடவை கேளுங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் அதே வகையில் வேறு தட்டைத் தேடி அலைய வேண்டாம், இந்த ஐந்தில் வேறு வகைக்கு மாறுங்கள். ஜாஸ் பிடிக்காமல் ராக்குக்குப் போன என் நண்பர் ஒருவர், 'மணி'யில் வரும் சாக்சபோனைக் கேட்டுவிட்டு, "அந்த மைல்ஸ் தட்டை மறுபடி கொடுங்கள்" என்று வந்து நின்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.